பதினேழாம் கட்டில் பாட்டும் ஒன்பது மில்லி சக்கரமும்

என் தங்கச்சிக்குத் தொண்டை போய்விட்டது என்று எங்கள் வீட்டில் மூன்று வாரம் எல்லோரும் நம்பினோம். கடைசி ஆறு நாள் மட்டும் நான் நம்பவில்லை. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, கோளாறு வேறு இடத்தில், அதைச் செய்தவனும் நான்தான் என்று அந்த ஆறு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் யார் என்று சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த விரிப்பு சூடான இரண்டு உருளைக்கு நடுவே போய் அந்தப் பக்கம் வெளியே வரும். வருவதை இவளும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் கட்டில் நம்பர் அழியாத மையில் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் அதே கையோடு போய் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். ராக் பேண்டு. நாலு ஆம்பளைகள், இவள் ஒருத்தி.

கிடார் அவளிடம் வந்தது பத்தொன்பது வயதில். சலவைக்கூடத்து மேஸ்திரியின் மகன் வெளியூருக்குப் போகும்போது தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. கழுத்து வளைந்திருந்தது. நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன். நான் தையல் கம்பெனியில் மிஷின் மெக்கானிக். வளைந்தது, தேய்ந்தது, சிக்கினது எதுவானாலும் வீட்டில் என் மடியில்தான் வந்து விழும். அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ரேடியோவைக் கேட்டுக் கேட்டு விரலைத் தேடி வைத்தாள். சுதி சேர்ப்பதும் அப்படித்தான். பக்கத்தில் கீபோர்டு இருந்தால் அதற்குச் சேர்ப்பாள். தனியாக இருந்தால் காதுக்கு எது சரியோ அதுதான் அன்றைக்குச் சுதி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு அந்த பேண்டின் பழைய கிடார்க்காரன் வராமல் போய்விட்டான். பாட்டுக் கேட்கப் போயிருந்தவள் மேடை ஏறினாள். ஒன்பது வருஷம் இறங்கவே இல்லை.

மேடையில் அவள் இடம் பாடகருக்குப் பின்னால், இடது பக்கம். பாடகருக்குத் தோள்வரை முடி. அதைச் சிலுப்பிச் சிலுப்பிப் பாடுவார். அதனால் ஊரெல்லாம் சிங்கம் என்று பேர். நல்ல குரல், இல்லையென்று சொல்ல மாட்டேன். உச்சிக்குப் போனால் அங்கேயே வீடு கட்டிக் குடியிருப்பார். முதல் வருஷம் ஒருநாள் இவள் தன் பக்கத்து மைக்கில் வாயைத் திறந்து அவரோடு ஒரு வரி சேர்ந்து பாடினாள். அவர் பாட்டை நிறுத்தாமலேயே காலால் அந்த மைக்கை ஓரடி தள்ளி வைத்தார். இறங்கின பிறகு சொன்னார்:

"தங்கச்சி, உனக்கு கோரஸ் போதும்."

கொஞ்ச நாளில் கோரஸ் மைக்கும் வைக்கவில்லை. டிரம்ஸ் அடிக்கும் பெயிண்டர் அவளுக்கு ஊமச்சி என்று பேர் வைத்தான். அவளும் சிரித்துக்கொண்டு அதற்கே திரும்பிப் பார்த்தாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

"உன்னை ஊமச்சிங்கிறான், பல்லைக் காட்டிட்டு நிக்கறியே?"

"விடுண்ணே. ஊமைன்னு நெனச்சிட்டு இருக்கறவரைக்கும் யாரும் என்னைத் தப்பாப் பாடறேன்னு சொல்ல முடியாதுல்ல?"

இப்படியிருந்தவளுக்கு ஒரு பாட்டு வந்தது. சலவைக்கூடத்தில் பதினேழாம் நம்பர் விரிப்பு தினமும் ஒன்று வரும், ஒரே இடத்தில் காப்பிக் கறையோடு. தினமும் அதே இடத்தில் கொட்டுகிற ஆள் யாரோ என்று இவளும் கூட்டாளிப் பெண்ணும் கேலி பேசிக்கொண்டு மடிப்பார்களாம். ஒருநாள் கறை இல்லாமல் வந்தது. மறுநாளும் இல்லை. ஆள் வீட்டுக்குப் போனாரா, வேறெங்காவது போனாரா என்று சலவைக்கூடத்துக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? அதைத்தான் பாடியிருந்தாள்.

*விரிப்பு வந்தது, கறை வரல,*
*பதினேழாம் கட்டிலே, பதில் சொல்லு!*

படிக்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். கிடாரை அடித்துக்கொண்டு, பலகையில் காலைத் தட்டிக்கொண்டு, அந்தப் "பதில் சொல்லு" என்பதை அவள் தூக்கும்போது எனக்கு முதுகு சில்லிட்டது. சிங்கத்திடம் காட்டினாளாம். "ஆஸ்பத்திரியப் பத்தியெல்லாம் யாரு கேப்பா?" என்றாராம். சரி, நானே பாடிக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் ஓடாமல் கிடந்தது. திறந்து பார்த்தேன். மோட்டாரின் நுனியில் பெல்ட் ஓடும் குட்டிச் சக்கரம் வெடித்து இரண்டாகப் போயிருந்தது. அந்த மாதிரிச் சக்கரம் கடையில் இல்லை. தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற பாகத்தில் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு சக்கரம் உண்டு. கழித்துப் போட்டதில் ஒன்றை எடுத்து மாட்டினேன். கண்ணுக்கு ஒரே அளவு. டேப் ஓடியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாகப் பாடிப் பதிவு செய்தாள். அதே பெட்டியில் போட்டுக் கேட்டோம். நன்றாக இருந்தது. கேசட்டை ரேடியோ நிலையத்துக்கு அனுப்பினோம். வேறு பிரதி எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், புதியவர்கள் பாட்டைப் போடும் நிகழ்ச்சியில் அது வந்தது. அடுக்களையில் எல்லோரும் நின்றோம். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஐயோ, இது நானா? கீச்சுன்னு இருக்கே அண்ணி?"

என் மனைவி சொன்னாள்: "ரேடியோவுல தன் குரலைக் கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பதினெட்டு வயசுப் பொண்ணு பாடற மாதிரி இருக்கு. குடுத்துவச்சவ, பேசாம கேளு."

அவள் கிடாரை எடுத்து ரேடியோவோடு ஒட்டிப் பார்த்தாள். "ஒரு கட்டை மேல இருக்குண்ணே. அன்னைக்குத் தனியா இருந்தேன்ல, சுதியைத் தூக்கி வச்சுட்டேன் போல. அதான் அவ்வளவு மேல போயிருக்கு."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் தலையை ஆட்டினேன்.

பாட்டு பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு நாலு தடவை போட்டார்கள். பஸ்ஸில் பிள்ளைகள் "பதில் சொல்லு" என்று கத்திக்கொண்டு போயின. ரேடியோவில் இருந்து ஒருவர் வீடு தேடி வந்தார், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெரிய ஹாலில் பாட வேண்டும், கேசட் கம்பெனிக்காரரும் வருகிறார், பிடித்திருந்தால் தனியாக ஒரு தொகுப்பே போடுவார்கள் என்றார்.

"அந்த உயரம் இருக்கே, அதுதாங்க விஷயம். அதே மாதிரி பாடிடுங்க, போதும்."

சிங்கத்துக்கு விஷயம் போனது. ஷெட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போய்ப் பாடு. முடியலன்னா திரும்பி வா, உன் இடம் இருக்கு. ஆனா அப்புறம் நீ ஊமச்சிதான், சாகறவரைக்கும்."

அன்று முதல் மூன்று வாரம். ரேடியோவின் உயரத்துக்குத் தந்தியை முறுக்கி வைத்துக்கொண்டு தினமும் பாடினாள். இரண்டு வரி போகும். "பதில்" வரும். "சொல்லு" கிழிந்துவிடும். மறுபடியும் பாடுவாள், மறுபடியும் கிழியும். வெந்நீர், உப்புக் கொப்பளிப்பு, கழுத்தில் துண்டு. சலவைக்கூடத்து ஆவி தொண்டைக்கு நல்லது என்று யாரோ சொல்லி, உருளைப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்க் கன்னத்தைச் சுட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வீங்கியிருக்கிறது, பேசாதே என்றார். பிறகு வீட்டில் துண்டுச் சீட்டில் எழுதித்தான் பேச்சு.

"இறக்கித்தான் பாடேன். யாரு கேக்கப் போறா?" என்றேன்.

சீட்டில் எழுதினாள்: *அன்னைக்குப் பாடினேன்ல? இப்ப ஏன் வரல?*

அவளுக்குச் சுதி பிரச்சினையே இல்லை. அன்று எட்டினது இன்று எட்டவில்லை, அப்படியானால் குரல் போய்விட்டது, ஒன்பது வருஷம் வாயை மூடியிருந்ததில் துருப்பிடித்துவிட்டது. அதுதான் பயம். அன்று எப்படி மூச்சு விட்டோம் என்று கேட்டுப் பார்க்க, கேசட்டைத் திருப்பி அனுப்பும்படி ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை, கேசட் வந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு இரண்டு மணி ஷிப்ட். பெட்டியில் போட்டேன். பாட்டு நிதானமாக, கனமாக வந்தது. கீச்சு இல்லை. இது என் தங்கச்சி குரல்தான், சந்தேகமே இல்லை. அப்படியானால் ரேடியோவில் பாடுகிறது யார்?

கேசட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அங்கே நல்ல செட் இருக்கிறது. போடச் சொன்னேன். ரேடியோவில் வந்த அதே குரல், அதே கீச்சு, அதே வேகம்.

"அட, நம்ம பாட்டு!" என்று கடைக்காரர் கத்தரியால் தாளம் போட்டார். பாட்டு முடியும் முன்னே கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். நான் போட்ட சக்கரத்தைக் கழற்றினேன். உடைந்த பழைய சக்கரத்தின் இரண்டு துண்டும் என் தகர டப்பாவில் கிடந்தன. சேர்த்துப் பிடித்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பழையது பத்து மில்லிமீட்டர். என்னுடையது ஒன்பது. பாபின் சுற்றுவதில் ஒரு மில்லியை யாரும் மதிக்க மாட்டார்கள், நூல் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். டேப்பிலும் அதுதான் நடந்திருக்கிறது. எங்கள் பெட்டி மெதுவாக ஓடிக்கொண்டே பதிந்திருக்கிறது. சரியாக ஓடும் பெட்டியில் போட்டால் பாட்டு விரைந்து, குரல் ஒரு கட்டை ஏறிவிடுகிறது. எங்கள் பெட்டியில் மட்டும் எங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது.

அந்த உயரத்தில் அவள் என்றைக்கும் பாடினதில்லை. எந்த மனுஷியும் பாடாத உயரத்தை எட்டவில்லை என்று மூன்று வாரமாகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டேன். என்னவென்று சொல்ல? ஊரே கொண்டாடுகிற குரல் உன்னுடையது இல்லை, என் சக்கரத்தினுடையது என்றா? அந்த உயரம்தான் விஷயம் என்று கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொண்டை போய்விட்டது என்றால் தேறும் என்றாவது இருக்கும். இருந்ததே இல்லை என்றால்? நாளைக்குச் சொல்லலாம் என்று கேசட்டையும் இரண்டு சக்கரத்தையும் என் டூல் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் சீட்டு நீட்டினாள்: *தபால்?*

"வரல" என்றேன்.

செவ்வாய் வரல. புதன் வரல. வியாழக்கிழமை என் மனைவி என்னைப் பார்த்து, "தொண்டை அவளுக்கா உங்களுக்கா? உங்களுக்கு ஏன் சோறு இறங்கல?" என்றாள். கம்பெனியில் ஒரு மிஷினுக்கு ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் பாடிக்கூடப் பார்க்கவில்லை, தொண்டைக்கு ஓய்வாம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றேகாலுக்கு ஹாலின் பின்பக்க அறையில் இருந்தோம். நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறை. டியூப் லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ ஒரு பேண்டு இடித்துக்கொண்டிருந்தது, சுவர் அதிர்ந்தது. ஆறாவது ஆள் இவள். ஒரே ஒரு தடவை பாடிப் பார்த்தாள். "சொல்லு" காற்றாகப் போனது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சிங்கம் வந்தார். புதுச் சட்டை, தலைக்குக் குளித்த முடி.

"வந்துட்டேன் தங்கச்சி. பாட்டு மனப்பாடம்."

நான் அவளைப் பார்த்தேன். கரகரத்த குரலில் சொன்னாள்: "நான்தாண்ணே காலையில ஆள் அனுப்பினேன். அவர் பாடட்டும். நான் பின்னால நின்னு வாசிச்சுக்கறேன். பாட்டாவது பொழைக்கட்டும்."

"உன் பாட்டுடி அது!"

"எனக்குக் குரல் இல்லண்ணே."

சிங்கம் என் தோளில் கை வைத்தார். "அண்ணன் மாதிரி நெனச்சுச் சொல்றேன், பொம்பளப் புள்ளைங்க குரல் இப்படித்தான், திடீர்னு வரும், திடீர்னு போகும். கம்பெனிக்காரர் கேட்டா நம்ம பேண்டு பாட்டுன்னு சொல்லிக்கலாம்."

அந்தக் கை தோளில் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து கேசட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். காலையில் எதற்கு அதை எடுத்துப் பையில் போட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதன் மேல் உடைந்த சக்கரம், என் சக்கரம்.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பத்து மில்லி, ஒன்பது மில்லி, முடிதிருத்தும் கடை, எல்லாம்.

"அப்ப அது நான் இல்ல" என்றாள்.

"நீதான். கொஞ்சம் ஓட்டிவிட்ட நீ."

எழுந்து வந்து என் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். விரிப்பு மடிக்கிற கை, பலமாகவே விழுந்தது. "மூணு வாரம்! மூணு வாரம் உப்புத் தண்ணி குடிச்சேன்டா நான்!" என்னை டா போட்டது அன்றைக்குத்தான். இன்னொரு குத்து. பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, என் சக்கரத்தை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

"எவ்வளவு எறக்கணும்?"

"ஒரு கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா."

கிடாரை மடியில் சாய்த்துத் தந்திகளைத் தளர்த்த ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு இறங்கியது. சிங்கம் முடியைக் கோதினார்.

"இங்க பாரு, இறக்கினா ஜனங்களுக்குப் பிடிக்காது. அவங்க கேட்ட பாட்டு வேற. அப்ப நான் என்ன பண்றது?"

"வாங்கண்ணே. பின்னால நில்லுங்க" என்றாள். "கோரஸ் போதும்."

அவர் நிற்கவில்லை. கதவு படாரென்று சாத்தியது.

மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் நின்றேன். அவள் ஒருத்தி, ஒரு மைக், காலுக்கடியில் ஒரு பலகை. பேரைச் சொன்னதும் விசில் பறந்தது. முதல் வரி வந்தது. கனமாக, மெதுவாக. விசில் நின்றது. இரண்டாவது வரிக்கு முன்னால் பின்வரிசையில் இருந்து ஒரு குரல்:

"அக்கா, பேட்டரி தீந்துபோச்சு! மாத்துங்க!"

ஹாலே சிரித்தது. முன்வரிசையில் கண்ணாடிக்காரர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவர்தான் கம்பெனிக்காரர். அவள் ஒரு நொடி நிறுத்தினாள். ஓடி வந்துவிடுவாளோ என்று நினைத்தேன்.

"பேட்டரி புதுசுதாங்க" என்றாள் மைக்கில். "டேப்புதான் பழசு. கேளுங்க." பலகையை உதைத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

"பதில் சொல்லு" வந்தது. கரகரப்போடு, மூன்று வாரப் புண்ணோடு வந்தது. ஆனால் கிழியவில்லை. ரேடியோவில் அது ஒரு சின்னப் பெண் வீம்புக்குக் கேட்கிற கேள்வியாக இருந்தது. இங்கே நானூறு விரிப்பு மடித்துவிட்டு நிற்கிறவள் கேட்டாள். சிரிப்பு நின்றது. கடைசியில் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள் என்றெல்லாம் சொன்னால் பொய். பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். தொகுப்பு பற்றிப் பேசவில்லை. "ரேடியோவுல வந்தது வேறம்மா. அது ஓடும். இது ஓடுமான்னு தெரியல. இதே மாதிரி இன்னும் நாலு பாட்டு வச்சிருந்தா போட்டு அனுப்பு, பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். தண்ணீர் கேட்டாள்.

அதன் பிறகு அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. சலவைக்கூடத்துக்குப் போகிறாள். பெயிண்டர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டிரம்மை வைத்து மெதுவாகத் தட்டுகிறான். ஊமச்சி என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரேடியோவில் இன்னும் அந்தக் கீச்சுக் குரல்தான் ஓடுகிறது. அது வந்தால் அவள், "அண்ணே, உன் பொண்ணு பாடறா பாரு" என்பாள்.

என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் டேப் ரெக்கார்டரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். கம்பெனி லேத்தில் பத்து மில்லிக்குச் சக்கரம் கடைந்து மாட்டினேன். அதோடு விடவில்லை. டேப் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று கேட்டு வந்தேன். இருநூற்று எண்பத்தைந்து சென்டிமீட்டர். முந்தாநாள்வரை நாலு பாட்டில் மூன்று முடிந்திருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வெற்று கேசட்டை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, ஓடின டேப்பைப் பென்சிலால் வெளியே இழுத்து, தரையில் நீட்டி, தையல் டேப்பால் அளக்கிறேன். அவள் கிடாரோடு நாற்காலியில் காத்திருப்பாள்.

நேற்று நாலாவது பாட்டு.

"எவ்வளவுண்ணே?"

"இருநூத்தி எண்பத்தஞ்சு."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை அள" என்றாள்.

அளந்தேன்.